அட்டவணை சமமானால் போதுமா?

2023 முதல் ஒவ்வொரு அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆடுவதால் அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் அட்டவணை அநியாயம் தீர்ந்துவிட்டது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாரோடு எத்தனை ஆட்டம் என்பது பாதிதான், எந்த நாளில் என்பதும் முக்கியம். 2024 செப்டம்பர் கடைசி வாரம் அட்லாண்டாவில் நியூயார்க் மெட்ஸும் உள்ளூர் அணியான பிரேவ்ஸும் மோத இருந்த ஆட்டங்கள் இரண்டு ஹெலீன் புயல் மழையால் தள்ளிப்போயின. புயல் வருவது முன்னாடியே தெரியும், செவ்வாய்க்கிழமையே இரண்டு ஆட்டம் வைத்திருக்கலாம். வைக்காமல், சீசன் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை டபுள்ஹெடர், அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டம், வைத்தார்கள். இந்த இரண்டு அணிகளும் அரிசோனாவும் மீதி இருந்த இரண்டு பிளேஆஃப் (இறுதிச் சுற்று) இடங்களுக்குப் போட்டியிட்டன. ஆளுக்கொன்று ஜெயித்தால் மூன்று அணியும் சமம், ஆனால் சமநிலை விதிப்படி மெட்ஸுக்கும் பிரேவ்ஸுக்கும் பிளேஆஃப், அரிசோனா வெளியே. முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் மெட்ஸ் 8-7 என்று ஜெயித்தது. அந்த நிமிடமே இரண்டாவது ஆட்டம் அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது. சீசன் பெரும்பாலும் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கில் இருந்த லுக்கேசியைப் பிட்சராக (பந்து வீசுபவராக) இறக்கினார்கள். பிரேவ்ஸ் 3-0 என்று ஜெயித்தது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் இதற்காக மெட்ஸ் மேனேஜரைத் திட்டியிருக்கிறார், அது சரியில்லை. மறுநாளே மில்வாக்கியில் பிளேஆஃப் ஆட்டம் இருக்கும்போது எந்த மேனேஜரும் முக்கியமான பிட்சரைக் களைப்படைய விடமாட்டார். கடைசியில் மூன்று அணிகளும் 89 வெற்றி, 73 தோல்வி. ஆனால் அரிசோனா ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு, மறுநாள் டிவி முன்னால் உட்கார்ந்து தங்கள் சீசன் முடிவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று இரண்டு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்தவன் நான், இன்னும் மனசு ஆறவில்லை.