'அன்று தகுதியான ஆசிய நடிகர்கள் இல்லை' என்பது பொய்

பழைய ஹாலிவுட் படங்களில் சீன, ஜப்பானியப் பாத்திரங்களை ஒப்பனை பூசிய வெள்ளையர்கள் நடித்ததற்கு, 'அந்நாளில் தகுதியான ஆசிய நடிகர்களே அங்கு இல்லை' என்ற காரணம் பரப்பப்படுகிறது. அது உண்மையல்ல.

ஜப்பானியரான செசூ ஹயகாவா 1915-இலேயே நட்சத்திரமாகிவிட்டார். 1918-இல் சொந்தப் படநிறுவனமும் தொடங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அன்னா மே வாங் பதினேழு வயதில், 1922-இல், கதாநாயகியானார்.

இப்படிப்பட்டவர்கள் ஏன் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதற்கு 1937-இல் வெளியான 'தி குட் எர்த்' ஒன்றே போதுமான சான்று. சீன விவசாயக் குடும்பத்தின் கதை அது. நாயகனாக வெள்ளையரான பால் முனி தேர்வானார். வெள்ளையர், கறுப்பர் இடையிலான உறவைத் திரையில் காட்ட அன்றைய தணிக்கை விதி தடைவிதித்திருந்தது. ஸ்டுடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் பொருத்தின. எனவே, சீனராக நடிக்கும் வெள்ளையருக்கு உண்மையான சீன வம்சாவளிப் பெண் மனைவியாக நடிக்க முடியவில்லை! நாயகி வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்கே. வாங்குக்குக் காட்டப்பட்டது, குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவியின் வேடம். அவர் மறுத்தார், சரியாகவே செய்தார்.

அதே படத்தில் நாயகனின் மூத்த மகனாக நடித்தவர் சீனாவில் பிறந்த கீ லூக். துணை வேடத்துக்கு மட்டும் ஆசிய நடிகர் கிடைத்திருக்கிறார்.