பேஜின் கத்தரிக்கோல்: லெட் செப்பலின் பெட்டித் தொகுப்பு குறித்துச் சில சொற்கள்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் முதல் பாடல் ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’. 1969 ஜனவரியில் அந்த ஆல்பத்தை வாங்கி ஊசியை வைத்தவர்கள் முதலில் கேட்டது மூன்று நிமிடங்கூட நீளாத அந்தப் பாடலைத்தான். 1990இல் அதே குழு நான்கு குறுந்தகடுகளில் 54 பாடல்களைக் கொண்ட ஒரு பாக்ஸ் செட்டை வெளியிட்டது. அதில் இந்தப் பாடல் இல்லை. ஒரு குழுவின் முழு இசைவாழ்வையும் ஒரே பெட்டிக்குள் தருவதாகச் சொல்லி விற்ற தொகுப்பில், வீட்டின் தலைவாசலையே காணவில்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பாடல்களைத் தேர்ந்தவர், வரிசைப்படுத்தியவர், ஒலியைச் சீர்செய்தவர் எல்லாம் ஒருவரே: கிடார் கலைஞரும் தொடக்கம் முதலே குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவருமான ஜிம்மி பேஜ். ஆகவே இந்தப் பெட்டியை ஆவணக் காப்பகமாக எண்ணித் திறப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும் என்பதும், பேஜ் தம் 46ஆம் வயதில் எழுதிய தன்வரலாறாகக் கேட்பவருக்கு இதன் குறைகள்கூடப் பொருளுடையனவாகத் தோன்றும் என்பதும் என் கருத்து. தன்வரலாறு எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்பதைப் போலவே எதைத் தாண்டிப் போகிறார் என்பதையும் நாம் கவனிக்கத்தானே செய்கிறோம்.

டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பர் 25 அன்று 32ஆம் வயதில் இறந்தார். அவர் இல்லாமல் தொடர முடியாது என்று அதே ஆண்டு டிசம்பரில் மற்ற மூவரும் அறிவித்துவிட்டார்கள். 1982இல் எஞ்சியவற்றைத் திரட்டி ‘கோடா’ என்ற ஆல்பம் வந்தது. அத்துடன் கணக்கு முடிந்ததாகவே பட்டது. இடையில் குறுந்தகடு வந்து, பழைய இசையை மீண்டும் விற்க ஒரு புதுவழி திறந்தது. பாப் டிலனின் தொகுப்பு 1985இலும், எரிக் கிளாப்டனின் தொகுப்பு 1988இலும் நன்றாக விற்றதைப் பார்த்த இசை நிறுவனங்கள், பெட்டி போடக்கூடிய மூத்த கலைஞர் யார் யார் என்று தேடத் தொடங்கின. செப்பலின் அந்தப் பட்டியலில் தவிர்க்க முடியாத பெயர்.

ஆனால் பேஜை உண்மையிலேயே உந்தியது வேறொரு மனக்குறை. 1980களின் நடுவில் வெளியான செப்பலின் குறுந்தகடுகள் அவரைக் கலந்துகொள்ளாமலேயே தயாரிக்கப்பட்டவை. அவற்றின் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. 1990 மே மாதம் மூல நாடாக்களுடன் நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் கூடத்துக்குப் போய், ஜார்ஜ் மரினோ என்ற பொறியாளரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக ரீமாஸ்டர் செய்தார், அதாவது பழைய பதிவுகளின் ஒலியை மீண்டும் சீர்செய்தார். அந்த முதற்குறுந்தகடுகளின் ஒலியே இயல்பானது என்று வாதிடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் நுழையப்போவதில்லை. என் காதும் என் ஒலிபெருக்கியும் அதற்குத் தகுதியானவை அல்ல.

வரிசைக்கு வருகிறேன். பாடல்கள் தோராயமாகக் காலவரிசையில் நகர்கின்றன என்றாலும், எந்த ஆல்பமும் தன் வடிவில் இங்கே இல்லை. முதல் குறுந்தகடு 1969இன் இரண்டாம் ஆல்பத்திலிருந்து ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலோடு தொடங்குகிறது, அடுத்து ‘ஹார்ட்பிரேக்கர்’. அந்த ஆல்பத்தில் ‘ஹார்ட்பிரேக்கர்’ முடிந்த கையோடு ‘லிவிங் லவிங் மெய்ட்’ ஒட்டிக்கொண்டு வரும். அமெரிக்க வானொலிகள் இரண்டையும் பிரிக்காமலே ஒலிபரப்பிப் பழக்கின. பேஜ் அந்த இரண்டாவது பாடலை விரும்பியதில்லை. எனவே இங்கே கத்தரி விழுந்து, அதன் இடத்தில் முதல் ஆல்பத்தின் ‘கம்யூனிகேஷன் பிரேக்டவுன்’ வந்து நிற்கிறது. பழகிய காது அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் படி தவறிக் கால் வைத்ததுபோல் தடுமாறும்.

நான் இந்தத் தொகுப்பை முதலில் கேட்டது குறுந்தகட்டில் அன்று, கேசட்டில். கல்லூரி நாள்களில் நண்பனின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நான்கு கேசட்டுகள், ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று என்ற ஒப்பந்தத்தில் என் கைக்கு வந்தன. மூன்றாவது கேசட்டை மட்டும் நான் ஐந்து வாரம் திருப்பித் தரவில்லை. அதனால் நான்காவது கிடைக்க இரண்டு மாதம் ஆனது. இன்று யோசித்தால் அந்தத் தண்டனை நியாயமானதே, ஆனால் மூன்றாவதை வைத்துக்கொண்டதும் நியாயமானதே.

ஏனெனில் பேஜின் கத்தரிக்கோல் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் இடம் அந்த மூன்றாம் பகுதி. மற்ற மூன்றிலும் 14 அல்லது 15 பாடல்கள் இருக்க, இதில் பத்தே பாடல்கள். அத்தனையும் இடம் பிடித்து உட்காரும் பாடல்கள். தொடக்கம் ‘காஷ்மீர்’. அந்தப் பாடலின் வரிகளுக்கும் காஷ்மீருக்கும் தொடர்பில்லை. குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் மொராக்கோவின் தெற்கே பாலைவனச் சாலையில் போகும்போது மனத்தில் எழுந்த வரிகள் அவை. அதைக் கேட்கும்போது கையால் தாளம் போட்டுப் பாருங்கள். கிடாரும் வாத்தியக் குழுவும் மூன்று மூன்றாக எண்ணி ஏறிக்கொண்டிருக்க, பான்ஹாம் கீழே நான்கு நான்காக அடித்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாம் எண்ணிக்கை முடிந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. திஸ்ரமும் சதுஸ்ரமும் கூடும் இடத்தைத் தேடிப் பழகிய நம் காதுக்கு அந்தக் கூடல் புரிய விளக்கம் வேண்டியதில்லை. தொடையில் தட்டும் கை தானாகவே நின்று தொடங்கும்.

அதே குறுந்தகட்டில் ஆறாவது பாடல் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாடல் அது. செப்பலின் அதை ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவுசெய்தது. டிரம்ஸை முன்கூடத்தில் வைத்துவிட்டு, பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மாடிப்படிகளின் மேலிருந்து தொங்கவிட்டார். நீங்கள் கேட்பது டிரம்ஸை மட்டுமன்று. படிக்கட்டின் உயரத்தையும் கேட்கிறீர்கள். ஒவ்வோர் அடியும் மேலே போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த அடி விழுகிறது.

1971இன் நான்காம் ஆல்பத்தில் இது கடைசிப் பாடல். அதற்குப் பிறகு நிசப்தம். பெட்டியிலோ, இது முடிந்ததும் தொலைவிலிருந்து ஒரு கிடார் மெல்லச் சுழன்று சுழன்று அணுகி வருகிறது: 1976இன் ‘பிரசன்ஸ்’ ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’. ஓர் ஆல்பத்தின் முடிவும் ஐந்தாண்டு கழித்து வந்த இன்னோர் ஆல்பத்தின் தொடக்கமும் இப்படி முடிச்சுப் போடப்படுகின்றன. வீட்டின் படிக்கட்டில் பதிவான டிரம்ஸிலிருந்து, கார் விபத்தில் கால் முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்து பிளாண்ட் பாடிய மியூனிக் நகரக் கூடத்துக்கு, ஒரு மூச்சில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இந்த ஓர் இணைப்புக்காகவே, தலைவாசலை எடுத்துவிட்ட குற்றத்தைப் பாதியளவு மன்னித்துவிடுவேன்.

மீதிப் பாதியை மன்னிக்க முடியாது. மூன்றாம் ஆல்பத்தின் ‘தட்ஸ் தி வே’ ஏன் விடுபட்டது? இந்தக் குழு வெறும் பேரிரைச்சல் என்று சொல்பவர்களுக்கு எடுத்துக்காட்ட அதைவிட மென்மையான பாடல் அவர்களிடம் அதிகமில்லை. அதை விட்டுவிட்டு ‘கேண்டி ஸ்டோர் ராக்’ பாடலுக்கு இடம் தந்தது என் அறிவுக்கு எட்டவில்லை.

ஏற்கெனவே எல்லா ஆல்பங்களையும் வைத்திருந்தவர்களுக்கு அன்று புதிதாகக் கிடைத்தவை மிகச் சில. பிபிசிக்காக 1969இல் பதிவான ‘டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்’, அதே ஆண்டு நேரடி நிகழ்ச்சியில் வாசித்த ஒரு தனிக் கிடார் உருப்படி, 1970இல் சிங்கிள் எனப்படும் சிறு இசைத்தட்டின் மறுபக்கமாக மட்டுமே வந்திருந்த ‘ஹே ஹே வாட் கேன் ஐ டூ’ ஆகியவற்றோடு பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பேஜும் பிளாண்டும் 1972இல் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களை அமர்த்தி ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ பாடல்களைப் பதிவுசெய்திருந்தார்கள். அவை முறையாக வெளிவந்தது 2015இல்தான். பெட்டியில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ இருக்கிறது, அதன் பம்பாய் வடிவம் இல்லை. இசையில் பாதி தூரம் கிழக்கே பயணம் செய்த ஒரு குழு தன் தன்வரலாற்றில் அந்தப் பயணத்தைச் சொல்லாமல் விட்டதே என்ற குறை எனக்கு உண்டு. ரசிகர் முணுமுணுப்போ வணிகக் கணக்கோ, விடுபட்ட பாடல்களை அள்ளிப்போட்டு 1993இல் இன்னொரு பெட்டி வந்தது; ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ அதில்தான் முதல் பாடல். தலைவாசலுக்குத் தனிக்கட்டணம்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். ‘பேப் ஐம் கானா லீவ் யூ’ பாடல் முதல் ஆல்பத்தில் மரபுப் பாடல் என்றே குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அதை எழுதியவர் ஆன் பிரெடன் என்ற அமெரிக்கப் பெண். 1990 முதல்தான் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டுத் தாமதம். ஆனாலும் பெயர் பெயர்தான்.

அட்டையைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் 1990 ஜூலையில் கோதுமை வயலில் தோன்றிய விசித்திர வட்டக் கோலத்தின் மேல் குழுவின் பெயரை நினைவூட்டும் செப்பலின் வகை வான்கப்பலின் நிழல் விழும் படம் அது. மர்மம் அவர்களுக்கு எப்போதும் பிடித்த சரக்கு. அடுத்த ஆண்டே இரண்டு முதிய ஆங்கிலேயர்கள், பலகையும் கயிறும் கொண்டு இத்தகைய கோலங்களைப் பல ஆண்டுகளாகத் தாங்கள் போட்டுவந்ததாக ஒப்புக்கொண்டார்கள்.

கடைசிக் குறுந்தகட்டின் முடிவு என்னை இன்றும் விடவில்லை. பன்னிரண்டாவதாக, பான்ஹாமின் இரண்டு தனி ஆவர்த்தனங்கள், 1969இன் ‘மோபி டிக்’கும் 1976இல் பதிவான ‘பான்சோஸ் மான்ட்ரூ’வும், ஒன்றாகப் பிணைக்கப்பட்டு வருகின்றன. இறந்து பத்தாண்டான நண்பனின் இரு காலத்துக் கைகளைப் பேஜ் கருவியின் துணையோடு ஒரே நேரத்தில் வாசிக்கவைக்கிறார். அடுத்து வருபவை 1979இன் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தின் இறுதி இரு பாடல்கள். ஆல்பத்தில் ‘ஆல் மை லவ்’ முதலில், ‘ஐம் கானா க்ரால்’ கடைசியில். பேஜ் அவற்றை இடம் மாற்றியிருக்கிறார். 1977இல் ஐந்து வயதில் இறந்துபோன தன் மகனுக்காகப் பிளாண்ட் பாடிய ‘ஆல் மை லவ்’ இப்போது பெட்டியின் இறுதிப் பாடல். அதை இயற்றியவர்கள் என்று பிளாண்டும் குழுவின் பாஸ் கிடார், கீபோர்டு கலைஞர் ஜான் பால் ஜோன்ஸும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பேஜின் பெயர் இல்லாத மிகச் சில செப்பலின் பாடல்களில் அது ஒன்று. அது தமக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.