கையேடும் செயலியோடு சேர்ந்தே வரட்டும்

மலேசியாவில் பிறை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக் கணினி அறைக்குச் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். எல்லாம் பழைய கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். போன வாரம் ஓர் ஆசிரியை மதிப்பெண் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் மறந்துபோய் எஃப்1 விசையைத் தட்டினார். உதவிக் கோப்பு கணினியில் இல்லை, இணையத்தில் படியுங்கள் என்று வந்தது. அன்றைக்குப் பார்த்து அங்கே இணையம் இல்லை.

"மெனு எல்லாம் தமிழ்ல இருக்கே தம்பி, விளக்கம் மட்டும் ஏன் இல்ல?" என்றார். ஒரு வாரமாக அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

மெனுவை மொழிபெயர்த்தால் அது செயலியின் பொதியிலேயே (நிறுவும் கோப்புத் தொகுப்பு) வந்துவிடுகிறது. கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தால், செயலியைப் பராமரிப்பவர்கள், "இணையதளத்தில் இருக்கட்டும், பொதியில் எதற்கு? இடத்தை அடைக்கும்" என்கிறார்கள். நானே இந்தப் பதிலை வாங்கியிருக்கிறேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும், உண்மைதான். ஆனால் கையேட்டுப் பக்கங்களைச் சுருக்கித்தானே வைக்கிறோம்? கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அப்படியும் வேண்டாம் என்றால் தனிப் பொதியாகக் கொடுக்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் கையேட்டுப் பக்கங்கள் அப்படித்தான் வருகின்றன. தமிழுக்கு அந்தப் பொதி இல்லை.

இணையதளம் சொல்வது பெரும்பாலும் புதிய பதிப்பைப் பற்றி. பள்ளியில் இருப்பதோ பழைய பதிப்பு. கையேட்டில் சொன்ன மெனு திரையில் இல்லாவிட்டால், படிப்பவர் தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்வார். கூடவே வரும் கையேட்டில் அந்தக் குழப்பம் இருக்காது.

சரி, ஆங்கில மூலம் மாறினால் மொழிபெயர்ப்பு பழசாகிவிடாதா? நியாயமான கேள்வி. பிஓ4ஏ என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. கையேட்டைப் பத்தி பத்தியாகப் பிரித்து, மூலமும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும் பிஓ கோப்பில் வைக்கும். ஆங்கிலப் பத்தி மாறினால் அதற்கான தமிழ் 'ஃபஸ்ஸி', அதாவது சரிபார்க்க வேண்டியது, என்று குறிக்கப்படும். யாராவது திருத்தும்வரை அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் வரும். பழைய தமிழ் யார் கண்ணிலும் படாது. எனக்கு இதில் ஒரே வருத்தம், மொழிபெயர்ப்பு 80 விழுக்காடு முடியாவிட்டால் அந்தக் கருவி தமிழ்க் கோப்பையே உருவாக்காது. நாலைந்து பேர் ராத்திரியில் உட்கார்ந்து செய்யும் மொழிக்கு அது மலை. பராமரிப்பாளர் நினைத்தால் ஒரே ஒரு தேர்வை மாற்றி அந்த அளவைக் குறைக்கலாம். குறைக்க வேண்டும் என்கிறேன். பாதி தமிழில் இருந்தாலும் அந்த ஆசிரியைக்குச் சூத்திரம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில். ஆனாலும் மொழி, நாட்டு அமைப்புகளை வைத்திருக்கும் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும்தான் இருக்கின்றன, மலேசியா இல்லை. நாம் வெள்ளியில் (ரிங்கிட்) கணக்குப் பார்க்க, இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ரூபாய் வந்து நிற்கிறது.

அன்றைக்குச் சூத்திரத்தை ஒரு தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவிட்டு வந்தேன். மொழிபெயர்த்த கையேடு யாரிடமாவது சும்மா கிடந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். பொதியாக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.