ஊர் மானம் போகிறதாம்

நான் எடுத்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடக்கிற கூத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. செத்துக் கரை ஒதுங்கிய ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, அதில் காட்டியதால் ஊர் மானம் போய்விட்டதாம். "புதுப் பாம்பன் பாலத்தை டிரோன்ல எடுத்துப் போடு தம்பி, நாலு பேர் பார்க்க வருவான்" என்று அறிவுரை வேறு. 2025 ஏப்ரலில் திறந்த பாலம் அது. அதை எடுக்காத போன் இந்த மாவட்டத்தில் இருக்கிறதா?

நம் கடலில் அழிவதை நாம்தான் எடுக்க வேண்டும். வேறு யார் வருவார்கள்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோமே, அப்போது போகாத மானம் என் கேமராவால் போகிறதா? காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பவுடர் பூசிப் படம் பிடிக்க எனக்குத் தெரியாது.

எனக்கு இந்தக் கடலைக் காட்டியது பெரியம்மா. பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குவார். கடல்புல் நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் வெறும் மண் தெரிகிற தடத்தைக் காட்டி, "ஆவுளியா மேஞ்சுட்டுப் போயிருக்கு" என்றார். புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். அந்தக் காலத்தில் அதன் கறியைத் தின்றதையும் அவரே சொல்வார், மறைக்க மாட்டார். அவருக்கு மானம் போனதாகத் தெரியவில்லை.

சரி, "மீனவனைக் குற்றவாளி ஆக்குகிறாய்" என்கிறார்கள். இது மட்டும் உண்மையிலேயே வலிக்கிறது. நான் எந்த வீட்டுப் பிள்ளை? ஆவுளியா மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். வலை போட்டவன் அதைத் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை என்று வீடியோவிலேயே சொல்லியிருக்கிறேன். மாட்டியதை வலையை அறுத்து விட்டவர்களும் நம் பாக் விரிகுடா மீனவர்கள்தான். வலை போனால் எத்தனை நாள் பிழைப்பு போகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாதி பார்த்துவிட்டுக் கமெண்ட் போட்டால் நான் என்ன செய்ய?

"இதில் உனக்கு என்ன லாபம்?" கேமரா தவணை இன்னும் ஓடுகிறது. போதுமா?

2022இல் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடல்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில். நல்லது. ஆனால் ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா? நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இழுவை மடி புல்லைச் சுரண்டிக்கொண்டு போவதைக் காட்டவும் ஆள் வேண்டாமா? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிவிடும், ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளியக் காத்திருந்து எடுக்கிறேன். வெளியூரிலிருந்து பெரிய சேனல் வந்தால் வள்ளமும் கொடுத்து இளநீரும் வெட்டுகிறோம். நான் கேட்டால் மட்டும் "உனக்கு எவன் பெர்மிஷன் கொடுத்தான்?" உள்ளூர்க்காரன் என்றால் அவ்வளவு இளக்காரம். தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்று எனக்கும் தெரியும், போகவில்லை. நான் நின்றது நம் கரையில்.

வீடியோவை நீக்க மாட்டேன். திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஆனால் "சோறு போட்ட கடலை விக்கிறான்" என்ற அந்தக் கமெண்டுக்கு என் சொந்த மச்சான் ஹார்ட் போட்டிருக்கிறான். அவனிடம் மட்டும் நேரில் பேசிக்கொள்கிறேன்.