திறந்து பார்த்தவரிடம் பேச விடுங்கள்

லேப்டாப் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருப்பவர் நம் லேப்டாப்பை வாங்குவார், சீரியல் நம்பரைத் தட்டுவார், ஜாப் ஷீட் போட்டு உள்ளே அனுப்புவார். அவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கஸ்டமர் கேரில் பேசுகிறவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திறந்து பார்த்த ஒரே ஆள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார், அவர் நம்மோடு பேச மாட்டார். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த ஏற்பாட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் லேப்டாப்பில் இருந்த கோளாறு இதுதான்: சார்ஜர் செருகினால் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. வாரன்ட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னையில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்றில் கொடுத்தேன். சில நாட்களில் போன் வந்தது. "மதர்போர்டு போயிடுச்சு மேடம், மாத்தணும்." எஸ்டிமேட், புது லேப்டாப் விலையில் பாதியைத் தொட்டது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

போர்டில் எது போனது?

"சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் போட்டிருக்கு."

இன்ஜினியரிடம் பேசலாமா என்றால், கஸ்டமரோடு பேச அவர்களுக்கு அனுமதி இல்லையாம். வேண்டாம் என்று திரும்ப வாங்கினாலும் சோதித்துப் பார்த்ததற்குக் கட்டணம் உண்டு. சரி, காசு தருகிறேன், பார்த்தது என்ன என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படி எழுதித் தரும் வழக்கம் இல்லையாம். தெருமுனை டூவீலர் மெக்கானிக்கூட கழற்றிய ஸ்பார்க் பிளக்கை நம் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்பார்.

போர்டில் ஐசி எனப்படும் ஒரு சின்ன சிப் போனாலும் முழு போர்டையே மாற்றுவதுதான் பல கம்பெனிகளின் வழக்கம். அவர்களுக்கு அதில் வேலை சுலபம், மாற்றிய பாகத்துக்குப் புது வாரன்ட்டியும் தர முடியும். அதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில மாடல்களில் ஸ்டோரேஜும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்டு போனால் குழந்தையின் போட்டோ முதல் வருமான வரி ஃபைல் வரை அதோடு போகும். "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரிக்குக் கீழே முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும் கடை. என் முன்னாலேயே திறந்து மல்டிமீட்டர் முள்ளை வைத்து, "இங்க பாருங்க அக்கா, 19 வோல்ட் உள்ள வருது, அதான் ஓடுது. பேட்டரிக்குப் போற வழியில சார்ஜிங் ஐசி செத்துருச்சு" என்றார் அந்தத் தம்பி. சர்வீஸ் சென்டரில் சொன்ன எஸ்டிமேட்டில் சின்னப் பங்குதான் இங்கே செலவானது. ரிச்சி ஸ்ட்ரீட்டைக் கோயிலாக்கவில்லை. டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில் கட்டுகிற கடைகளும், பில் கேட்டால் சிரிக்கிற கடைகளும் அதே சந்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் அங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரே ஒரு ஆள் இருக்கிறார்.

பதில் சொல்லாமல் இருப்பது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் போட்டேன். மறுநாளே மேனேஜர் அழைத்து, சோதனைக் கட்டணம் வேண்டாம் என்றார். எது பழுது என்று மட்டும் கடைசிவரை எழுதித் தரவில்லை.

பிறகு கஸ்டமர் கேரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "ஃபீட்பேக் மெசேஜ் வரும் மேடம், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, இல்லேன்னா எங்களுக்குத்தான் பிரச்சினை." பாவம், அவர் என்ன செய்வார்? பிரான்சில் 2021 முதல் லேப்டாப் விற்கும்போதே, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே மார்க் வாங்குவது பொருள். இங்கே போன் எடுக்கிற பெண். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' (பழுது பார்க்கும் உரிமை) என்ற இணையதளம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் பழுதுபார்ப்பு விவரங்களை அதில் போட வேண்டும் என்பது நோக்கம். அது இன்னும் என் ஊர் கவுன்ட்டர் வரை வந்து சேரவில்லை.

அதனால், அடுத்த முறை லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் "பழுதான பாகம் எது என்று எழுத்தில் வேண்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் முறைப்பார்கள். முறைக்கட்டும்.