அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர்தானே என்கிறார்கள்

ஆன்லைன் கடைகளில் இடப்பக்கம் நிறம், சைஸ், பிராண்ட் என்று டிக் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணோடு? அந்த எண்ணைப் போடச் சொல்லிவிட்டு "சின்ன வேலைதானே, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்ல" என்று கேட்கிறவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 12, நீலம் 8, பச்சை 5. சிவப்பை டிக் செய்த மறுநொடி நீலம் 0, பச்சை 0 ஆகிவிடுகிறது, சில தளங்களில் அந்த வரிகளே காணாமல் போய்விடுகின்றன. கேட்டால் "சிவப்புச் சட்டைக்குள் நீலச் சட்டை எப்படி இருக்கும்" என்று லாஜிக் பேசுகிறார்கள். ஐயா, வாங்க வந்தவர் நீலத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார், அவருக்கு அங்கே 8 தெரிய வேண்டும். அதே நேரத்தில் சைஸ் பட்டியல் மட்டும் அந்த 12 சிவப்புச் சட்டைகளுக்குள் எம் எத்தனை, எல் எத்தனை என்று சுருங்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பட்டியலும் தன் தேர்வை மறந்துவிட்டு, மற்ற எல்லாப் பட்டியல்களின் தேர்வையும் மதித்து எண்ண வேண்டும். இது ஒரு கேள்வி இல்லை, எத்தனை பட்டியலில் டிக் விழுகிறதோ அத்தனை தனிக் கணக்கு!

சோலர் (Solr) என்ற தேடுபொறி மென்பொருளில் ஃபில்டருக்கு ஒரு டேக், அதாவது அடையாளப் பெயர் போட்டு, ஃபேசட் (இந்த டிக் பட்டியல்களுக்குத்தான் அந்தப் பெயர்) எண்ணும்போது அந்த டேக்கை விலக்கச் சொல்லலாம். எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடுபொறியில் போஸ்ட் ஃபில்டர் என்று ஒன்று உண்டு, எண்ணி முடித்த பிறகுதான் அது முடிவுகளை வடிகட்டும். இதைப் படித்த உற்சாகத்தில் எல்லா ஃபில்டரையும் அதற்குள்ளேயே தள்ளிவிட்டுப் போன ஒரு புண்ணியவானின் கோட்தான் இப்போது என் தலையில். எதை டிக் செய்தாலும் ஒரு எண்கூட அசையாது, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு அக்ரிகேஷனுக்கும் (ஒரு பட்டியலின் எண்களை எண்ணித்தரும் கணக்கு) தனித்தனி ஃபில்டர் எழுதித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். ஒரே சட்டையின் நிறம், சைஸ் வகைகள், அதாவது வேரியன்ட் விவகாரம்தான் உயிரை வாங்குகிறது. ஒரு சட்டை சிவப்பில் எம் மட்டும், நீலத்தில் எல் மட்டும் இருக்கிறது. நிறங்களை ஒரு பட்டியலாகவும் சைஸ்களை இன்னொரு பட்டியலாகவும் இண்டெக்ஸில் (தேடுபொறியின் தகவல் கிடங்கில்) கொட்டிவிட்டால், சிவப்பு எல் தேடுகிறவருக்கும் அந்தச் சட்டை வந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு சட்டையே இல்லை. சரி, நெஸ்டட் ஆக்கலாம், அதாவது ஒவ்வொரு நிறம்-சைஸ் ஜோடியையும் சட்டைக்குள் தனித்தனியாக வைக்கலாம் என்றால் இப்போது எண்ணுவது சட்டையை அல்ல, வேரியன்ட்டை. ஒரே சட்டை சிவப்பில் நாலு சைஸ் வைத்திருந்தால் சிவப்பு 4 என்று காட்டும். ரிவர்ஸ் நெஸ்டட் போட்டுத் தாய்ப் பொருளுக்குத் திரும்பி எண்ண வேண்டும். வேரியன்ட் ஒவ்வொன்றையும் தனி ஆவணமாக வைத்து, கொலாப்ஸ் போட்டு ஒரு சட்டைக்கு ஒன்றாக மடக்கிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கொலாப்ஸ் திரையில் காட்டுவதைத்தான் மடக்கும், அக்ரிகேஷனையும் மொத்த எண்ணிக்கையையும் தொடாது. மேலே 20 என்று இருக்கும், கீழே 7 பொருள் இருக்கும், புகார் மட்டும் எனக்கு வரும்.

அப்புறம், பிராண்ட், நிறம் என்று மதிப்புவாரியாக எண்ணுகிற டெர்ம்ஸ் அக்ரிகேஷன் சும்மா விட்டால் 10 மதிப்புகளைத்தான் திருப்பும். பதினொன்றாவது பிராண்ட்காரர் "எங்கள் பெயரை ஏன் எடுத்தீர்கள்" என்று சண்டைக்கு வருவார். டேட்டா பல ஷார்ட்களில் (இண்டெக்ஸின் துண்டுகளில்) பிரிந்திருந்தால் ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் அதிகமாக இருப்பதை மட்டும் அனுப்புவதால் எண்ணே தோராயமாகிவிடக்கூடும் என்பதை மீட்டிங்கில் சொன்னால், ஏதோ நான் சாக்கு சொல்வதைப் போலப் பார்க்கிறார்கள்.

இத்தனையும் சரி செய்த பிறகு திரையில் வருவது என்ன தெரியுமா? சிவப்பு 9, ரெட் 2, கடைசியில் ஒரு ஸ்பேஸோடு இன்னொரு சிவப்பு 1, "சிவப்பு/மெரூன்" 3, "படத்தில் உள்ளபடி" 14. படத்தில் உள்ளபடியாம்! பொருள் விவரம் ஏற்றுகிறவர்கள் மனதுக்குத் தோன்றியதை நிறக் கட்டத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அதைத் தேடுபொறி சுத்தம் செய்துகொள்ள வேண்டுமாம். நிறங்களுக்கு ஒரு நிலையான பட்டியல் கொடுங்கள், அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று கேட்டு அனுப்பிய மெயில் பதில் இல்லாமல் கிடக்கிறது. ஆனால் விலைக்கு ஸ்லைடர் வேண்டும், அதற்கும் எண் வேண்டும் என்று இன்று புது டிக்கெட் (வேலைக் கோரிக்கை) வந்துவிட்டது.