ஆமா, நான் ஓடுறது கிலோமீட்டருக்கு 8 நிமிஷ பேஸ்தான் (வேகம்). இப்ப என்ன?

நேத்து ரன்னிங் க்ரூப்ல நடந்த கூத்து உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும். என் ஞாயித்துக்கெழம ஓட்டத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு "அண்ணன் வாக்கிங் கெளம்பிட்டாரு"ன்னு ஒரு தம்பி எழுத, அதுக்கு 34 சிரிப்பு. அதுல மூணு பேர் என்கிட்ட ட்ரெய்னிங் ப்ளான் வாங்குனவங்க. ரொம்ப சந்தோஷம்.

தம்பி, கிலோமீட்டருக்கு 8 நிமிஷம்னு தெரிஞ்சேதான் ஓடினேன். பக்கத்துல வர்றவர்கிட்ட முழுசா பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் ஈஸி ரன். பேச்சு ரெண்டு ரெண்டு வார்த்தையா அறுந்து வந்தா அது ஈஸி இல்ல, வாட்ச் என்ன சொன்னாலும் சரி. ஓடும்போது உடம்பு அடிதான் வாங்குது, தேறுறது அப்புறம் தூங்கும்போதும் சும்மா கெடக்கும்போதும்தான். இத எத்தன தடவ எழுதுறது?

பட்டுட்டுப் பேசுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி மாரத்தானுக்கு நாலு வாரம் இருக்கும்போது தெனமும் வெறி புடிச்ச மாதிரி ஓடினேன். காலைல எழுந்ததும் 52 இருந்த பல்ஸ் 61 ஆச்சு, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாலே மூச்சு எரைக்கும், ராத்திரி 2 மணிக்கு கொட்டக் கொட்ட முழிச்சிருப்பேன், பொண்ணு பென்சில கீழ போட்டதுக்கு அப்படிக் கத்துனேன், அவ அத எடுக்கக்கூட இல்ல, அப்படியே நின்னா. மறுநாளும் போய் இன்டர்வல் (கொஞ்ச தூரம் வேகமா, கொஞ்சம் மெதுவான்னு மாத்தி மாத்தி) ஓடினேன்னா பாத்துக்கோங்க. பழையபடி ஆக நாலு மாசம் ஆச்சு.

"மெதுவா ஓடினா மெதுவாத்தான் ஆவீங்க"ன்னு வருவீங்க, தெரியும். உலகத்தர துடுப்பு, ஸ்கீயிங், ஓட்டக்காரங்க எப்படிப் பயிற்சி பண்றாங்கன்னு விளையாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் சைலர் பாத்துச் சொன்னதே, சுமாரா 80 சதவீத செஷன் லேசானதுன்னுதான். அவங்க வாரத்துக்கு அத்தன மணி நேரம் பண்றவங்க, நாலு மணி நேரம் ஓடுற நமக்கு அது பொருந்துமான்னு கேட்டா... நியாயமான கேள்விதான், இன்னொரு நாள் பேசலாம்.

அப்புறம் அந்த "ஆழமா மூச்சு இழுங்க, ஆக்சிஜன் ஏறும்" கோஷ்டி. நல்லா இருக்குற ஆளுக்கு சும்மா உக்காந்திருக்கும்போதே ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்கு மேலதாங்க இருக்கு, இன்னும் எங்க ஏத்தப் போறீங்க? மூச்சு முட்டுற உணர்வ பெரும்பாலும் கெளப்பறது கார்பன் டை ஆக்சைடு. மூச்ச நிதானமா நீளமா வெளிய விட்டா துடிப்பு எறங்கும், நானும் படுக்கும்போது அஞ்சு நிமிஷம் பண்றேன். அதுக்காக அஞ்சு மணி நேரத் தூக்கத்த அது ஈடு கட்டாது.

கோவம் பேஸுக்காக இல்லன்னு எழுதும்போதுதான் புரியுது. அந்த நாலு மாசம் நான் வீட்டோட கெடந்தப்ப இந்த 34 பேர்ல ஒரே ஒருத்தர் போன் பண்ணாரு. அவரும் "அண்ணே, நீங்கதான் ஓடலையே, அந்த மாரத்தான் பிப்ப (நெஞ்சுல குத்துற நம்பர் சீட்டு) எனக்குக் குடுத்துடுறீங்களா"ன்னு கேக்கத்தான். குடுத்தேன். நேத்து மொத சிரிப்பு அவரோடது.